தரைக்கோட்டில் முனியம்மா

போன வாரம் நம் அலுவலகத்திலிருந்து சங்கீதா போன் செய்தாள். பழைய வரைபடங்களையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்களாம். நல்ல காரியம். கரையான் முந்திக்கொள்வதற்குள் முடித்துவிடுங்கள்.

"மேடம், நீங்க வரைஞ்ச ஒரு சிவன் கோயில் படம். அடித்தளத்துக்குப் பக்கத்துல முனியம்மான்னு எழுதியிருக்கீங்க. அது எந்த உறுப்பு மேடம்? உபானம் இருக்கு, ஜகதி இருக்கு, குமுதம் இருக்கு. முனியம்மா மட்டும் எந்தப் புத்தகத்துலயும் கெடைக்கல. தப்பா எழுதினதுன்னா அழிச்சிடட்டுமா?" என்று கேட்டாள்.

நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. "போனில் சொல்லி மாளாதும்மா, எழுதி அனுப்பறேன், அதுவரைக்கும் அதுல கை வெச்சிடாதே" என்றேன். ஆகவே சங்கீதாவுக்கும், புதிதாக வந்திருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் இது. வேலை நேரத்தில் படித்தால் பரவாயில்லை, நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

விழுப்புரம் தனி மாவட்டமான புதிதில், தொண்ணூற்று மூன்றில், நான் இந்த அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்தேன். அதுவரை சாலைச் சிறுபாலமும் பள்ளிக்கூடக் கட்டடமும் வரைந்துகொண்டிருந்தவள். திடீரென்று பழங்கோயில்களைப் பார், அள, வரை என்றால்? தலை கால் புரியவில்லை. அப்புறம் பார்த்தால் தலை, கால் எல்லாம் கோயில் கட்டடக்கலைப் புத்தகங்களில்தான் இருந்தன. கோயிலை ஓர் ஆளாகவே நினைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். சுவருக்குப் பாதம், அதற்கு மேலே கழுத்து, கழுத்துக்கு மேலே தலை. இதையெல்லாம் தாங்குகிற அடித்தளத்துக்கு அதிட்டானம் என்று பெயர்.

அந்த அதிட்டானத்துக்குள் ஐந்து வரிசை. தரையோடு படுத்துக் கிடக்கும் பலகைக்கல் உபானம். அதன்மேல் நிமிர்ந்து நிற்பது ஜகதி. அதன்மேல் உருண்டையாகப் பிதுங்கியிருப்பது குமுதம். அதற்கு மேல் உள்ளே ஒடுங்கியது கண்டம். எல்லாவற்றுக்கும் மேலே, வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது பட்டிகை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் இதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு போவேன். ஒருநாள் பக்கத்து சீட் அம்மா, நான் ஏதோ ஸ்லோகம் சொல்கிறேன் என்று நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

நாலைந்து வருஷத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்கிற நினைப்பு வந்துவிட்டது. எந்தக் கோயிலுக்குப் போனாலும் வாசலிலேயே நின்று கடகடவென்று பெயர்களை ஒப்பிப்பேன். கூட வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த நினைப்பில்தான் கிளியனூர் தாண்டி உள்ளே இருக்கும் அந்த ஊருக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.

சின்னச் சிவன் கோயில். ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்திருந்தது. கருவறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அபிஷேகத் தண்ணீர் வெளியே வருவதற்கு வடக்குச் சுவரில் கோமுகி என்று ஒரு கல்வாய் இருக்குமே, அது தரையில் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தது. திருப்பணிக் கமிட்டித் தலைவர் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்தவர். ஊரில் எல்லாருக்கும் அவர் மண்டிக்காரர்தான். ஆளைப் பார்த்தால் பயமாக இருக்கும், வாயைத் திறந்தால் அத்தனை பாசம்.

"மழ வந்தா சாமி தண்ணியில நிக்கிறாரும்மா. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. கோயிலு வருசா வருசம் எறங்கிக்கினே போவுது. பிரிச்சிட்டு ஒசத்திக் கட்டணும். நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா போதும்" என்றார்.

நான் பார்த்தேன். ஐந்து வரிசையில் மேலே இருக்கும் பட்டிகை மட்டும் தரையோடு தரையாகத் தெரிந்தது. மற்ற நான்கும் மண்ணுக்குள். மேற்குச் சுவரில் அரசமரத்து வேர் ஒரு கல்லைப் பிளந்திருந்தது. ஏரிக்கரைப் பக்கம், களிமண் பூமி. எனக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது! மூன்று மணி பஸ்ஸை வேறு பிடிக்கவேண்டும். மட்டம் பார்க்கும் ட்யூப் லெவல் வைத்து நாலு மூலையும் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டேன். விழுப்புரம் வந்து, 'அதிட்டானத்தின் கீழ் வரிசைகள் மண்ணில் இறங்கிவிட்டன, அடித்தளம் தாங்கவில்லை, பிரித்துக் கட்டுவதே நல்லது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி படித்துப் பார்த்து, வரிசைப் பெயர்களெல்லாம் சரியாக இருக்கின்றன என்று பாராட்டினார். பெயர்கள் சரியாகத்தான் இருந்தன.

உத்தரவு வந்தது. ஊரில் பாலாலயம் செய்தார்கள். திருப்பணி தொடங்குமுன் சாமியை எழுந்தருளச் செய்து ஒரு கொட்டகையில் வைப்பார்களே, அது. கோயிலைப் பிரிக்க ஒரு புதன்கிழமை குறித்தாயிற்று. பிரித்த கல் திரும்ப ஏறாது, புதுக் கோயில் சிமெண்ட்டு. பழைய கல் உடைந்து அஸ்திவாரத்துக்குப் போகும். பிரிப்பதற்கு முன்னால் கடைசியாக முழுவதும் வரைந்து வைத்துவிடு என்று என்னைத் திங்கட்கிழமை அனுப்பினார்கள்.

அன்று கோயிலைச் சுற்றி முள் வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அஞ்சலை. காலனியைச் சேர்ந்தவள். என் வயதுதான் இருக்கும். புதுக் கோயில் வேலைக்கு மண், செங்கல் சுமக்க ஒப்பந்தக்காரர் பேசி வைத்திருந்த ஆட்களில் அவளும் ஒருத்தி. மத்தியானம் கேப்பைக் கூழ் தூக்கைத் திறந்துகொண்டு, நான் வரைவதை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இடிக்கப் போறத எதுக்குப் படம் போடற?"

"நாளன்னைக்கு இருக்காதில்ல, அதான். கோயில் மண்ணுல இறங்கிடுச்சும்மா."

கூழை வாயில் வைத்தவள் புரையேறும்படி சிரித்தாள். "கோயிலு எறங்கிச்சா? எந்தப் புண்ணியவான் சொன்னான்?"

"நான்தான்."

அவள் சிரிப்பை நிறுத்தவில்லை. "ஐய, நீ படிச்ச ஆளாச்சே! கோயிலு எங்க எறங்கிச்சு? மண்ணுல்ல ஏறிச்சு. ஏத்துனதே நாங்கதான்."

அப்புறம் அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "நான் சின்னப் பொண்ணா இருக்கச்ச தேரு சேத்துல மாட்டிக்கும். ஊரே சேந்து இழுத்தாலும் வராது. மழ இல்லாத வருசம் ஏரி தூர் எடுத்தாங்க. கூலிக்கு கோதும குடுத்தாங்க. அந்த வண்டல அவ்ளோத்தையும் கோயில சுத்தி, தேர் போற தெருவுல கொட்டச் சொன்னாங்க. எங்கம்மா முனியம்மா, நானு, எங்க தெரு பொம்பளைங்க எல்லாம் தலயில சொமந்தோம். ரெண்டு மூணு வருசம். எங்கம்மாவுக்கு உச்சி மண்டயில சும்மாடு வெக்கிற எடத்துல முடி போனது போனதுதான், சாவுற மட்டும் மொளைக்கல. அது மேல ரோடு போட்டாங்க, ரோட்டு மேல ரோடு போட்டாங்க. முன்னல்லாம் அஞ்சு படி ஏறித்தான் உள்ள போவாங்க."

"நீ பார்த்திருக்கியா?"

"நாங்க எங்க கிட்ட போறது? கூடய அந்தப் புளியமரத்தாண்ட எறக்கிடுவோம், செவுத்துகிட்ட அவுங்க ஆளுங்க இழுத்துக் கொட்டுவாங்க. ஆனா மரத்தாண்ட நின்னு பாத்தா அஞ்சு படியும் தெரியும்."

நோட்டைப் புரட்டினேன். நானே குறித்த அளவு, நானே எழுதிய எழுத்து: நாலு மூலையும் ஒரே மட்டம், ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. மார்பளவு இறங்கிய கட்டடம் ஒரு விரல் சாயாமலா இறங்கும்? ஒரு மூலை முந்தும், ஒரு மூலை பிந்தும், சுவர் கிழியும். பிளந்திருந்த ஒரு கல்லும் வேரால் பிளந்தது. பதில் என் பையில் ஒரு மாதமாகக் கிடந்தது. தெரிந்த பெயர்களைச் சொல்லும் அவசரத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை. மடச்சி, மடச்சி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஒரு டிவிஎஸ் பிப்டிக்காரரைக் கெஞ்சி, பின்னால் உட்கார்ந்து, கிளியனூர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மேலதிகாரிக்குப் போன் போட்டேன். "கையெழுத்து யாருது? உன்னுது. உத்தரவு வந்தாச்சு. யாரோ முள் வெட்டற பொம்பள சொன்னான்னு இப்ப மாத்தினா ஆபீசு மானம் போயிடும். வரைஞ்சு முடிச்சிட்டு வா" என்றார். ஒரே ஒரு குழி தோண்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "எனக்கு எதுவும் தெரியாது. நீயாச்சு, ஊராச்சு" என்று வைத்துவிட்டார்.

பிள்ளைகளா, இந்த மாதிரி வார்த்தை உங்கள் காதிலும் ஒருநாள் விழும். அதில் தடை இல்லை, அனுமதியும் இல்லை. காரியம் கெட்டால் தலை உங்களுடையது, அவ்வளவுதான். நான் பூத்துக்கு வெளியே நின்று ஒரு கோலி சோடா குடித்தேன். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தேன். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. அவள் சொன்னது உண்மையாக இருந்து, நான் வாய் மூடி இருந்துவிட்டால்? புதன்கிழமைக்குப் பிறகு என் தப்பைக் காட்ட அங்கே ஒரு கல்கூட இருக்காது. யாருக்குமே தெரியப்போவதில்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

மண்டிக்காரர் காதில் போட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "எம்மா, நீங்கதான எழுதிக் குடுத்தீங்க! சாமிய கொட்டாயில வெச்சாச்சு. இப்ப வந்து பேஜாரு பண்றீங்களே!"

"நான்தான் தப்பா எழுதினேன் ஐயா. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க. ஈசானிய மூலையில ஒரே ஒரு குழி. கோயில் பழைய தரையிலயே நிக்கலேன்னா முதல் கல்ல நானே எடுத்துத் தர்றேன்."

அவர் தலையிலிருந்து கையை எடுத்தார். "நின்னா? பிரிக்காம சாமி தண்ணி இல்லாம இருப்பாரா?"

"மண்ண எடுத்து வடிகால் போட்டா இருப்பாரு."

"சரி, ஜல்தியா ஆவட்டும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அஞ்சலை மண்வெட்டியோடு வந்தாள். எங்கிருந்து தார் போட்டது, எங்கிருந்து வண்டல் என்று அவளுக்குத்தான் தெரியும், அவள்தான் வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். கமிட்டியில் ஒருவர் முணுமுணுத்தார், "அவுங்கள செவுத்துகிட்ட வுடறதா?" எல்லாரும் மண்டிக்காரரைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாலாலயம் ஆயிடுச்சில்ல, உள்ள சாமி இல்ல. தோண்டட்டும்" என்றார்.

அஞ்சலை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "பாத்தியாக்கா, சாமி வெளிய போனாதான் எனக்கு வழி" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. எனக்குச் சுருக்கென்றது. அவள் பாட்டுக்குத் தோண்ட ஆரம்பித்துவிட்டாள்.

மேலே ரோட்டு ஜல்லி, தார். அதற்குக் கீழே கறுப்பு மண். முழங்கால் ஆழத்தில் அவள் ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தாள். வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடு, ஏரி நத்தை. கோயில் வாசலில் ஏரி நத்தைக்கு என்ன வேலை? நான் மண்டிக்காரரிடம் நீட்டினேன். அவர் குழி விளிம்பில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

கண்டம் தெரிந்தது. அப்புறம் குமுதம், நேற்றுத்தான் உளி பட்டது போலச் சுத்தமாக. இடுப்பளவுக்கு மேல் போனதும் ஜகதி நிமிர்ந்து வந்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். மயிரிழை சாயவில்லை. மார்பளவில் கடப்பாரை ணங் என்றது. அஞ்சலை கையாலேயே மண்ணைத் தள்ளினாள். உபானம். அதன் அடியில், கறுப்பு மண் முடிந்து, பழைய செம்மண் தரை. கோயிலை எந்தத் தரையில் கட்டினார்களோ, அதே தரையில்தான் அது நின்றுகொண்டிருந்தது. ஓர் அங்குலம் இறங்கவில்லை.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மண்டிக்காரர், "அடேயப்பா, அடேயப்பா" என்று கல்லைப் பார்த்துக் கும்பிட்டார். "சாமி கழுத்து வரைக்கும் பொதச்சிட்டு, அத மறந்துட்டு எறங்கிச்சு எறங்கிச்சுன்னோமே!"

பிரிப்பது நின்றது. அப்போதுதான் இன்னொன்று என் காதில் விழுந்தது. முள் வெட்டிய பெண்களில் ஒருத்தி அஞ்சலையைப் பிடித்துக்கொண்டாள்: "வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியாடி? ஒரு வருச வேல, வூட்டு வாசல்ல. இப்ப பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறு, போ!" எனக்குத் திக்கென்றது. நான் வேலையைப் பணயம் வைத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே, என் வேலை போகவே இல்லை. போனது அவர்கள் வேலை. அஞ்சலைக்கு அது முதலிலேயே தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம இன்னா? வாயில வந்திருச்சு, சொல்லிட்டேன். எங்கம்மா தூக்குன மண்ணாச்சே" என்றாள்.

கொட்டிய மண்ணை எடுக்கும் வேலையாவது அவர்களுக்குத்தான் என்று மண்டிக்காரரிடம் வாக்கு வாங்கினேன். ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. அஞ்சலை கூடையைத் தூக்கும்போதெல்லாம், "எம்மா, நீ ஏன் இவ்ளோ கொட்ன?" என்று செத்துப்போன அம்மாவைத் திட்டிக்கொண்டே நடப்பாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஐந்து படியும் வெளியே வந்தன, வடிகாலும் போட்டாயிற்று.

விழுப்புரத்தில் எனக்கு நல்ல டோஸ் விழுந்தது. திருத்திய அறிக்கையில் நான் எழுதியது: 'மறு ஆய்வில், தரைமட்டம் உயர்ந்திருப்பது கண்டறியப்பட்டது.' யார் கண்டறிந்தது? வாசிப்பவர்கள் என்னைத்தான் நினைப்பார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

கும்பாபிஷேகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் மைக் பிடித்து, "கோயிலக் காப்பாத்துன அம்மா" என்று சொல்லி மண்டிக்காரர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல். கீழே தேடினேன், அஞ்சலை இல்லை. சாமி உள்ளே வந்தாயிற்றே. புளியமரத்தடியில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள்.

பொன்னாடையோடு நேரே அங்கே போனேன். "வா, உள்ள போவோம்" என்றேன்.

"வேணாக்கா. இங்கேர்ந்து பாத்தாதான் அஞ்சு படியும் தெரியும்" என்றாள் சிரித்துக்கொண்டே. எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த மைக்கில் நானே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பொன்னாடையை எடுத்து அவள் தோளில் போட்டேன். கையால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது, மல்லாட்ட காய வெக்கவா? ஒண்ணு பண்ணு. நீ படம் போட்டியே, அதுல எங்கயாவது எங்கம்மா பேர எழுது. அத்தினி மண்ணு தூக்குச்சு, ஒரு எடத்துலயும் அது பேரு இல்ல."

மறுநாளே எழுதினேன். கட்டடத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் காட்டும் வெட்டுப்படம் வரையும்போது முதலில் எதைப் போடுகிறோம்? தரைக்கோட்டை. யோசிக்காமல் சர்ரென்று இழுத்துவிட்டு, அதற்கு மேல் இருப்பதைத்தான் அளக்கிறோம், ஆராய்கிறோம், பெயர் சொல்கிறோம். அந்தக் கோடு எப்படி அங்கே வந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அந்தப் படத்தில் இரண்டு தரைக்கோடு இருக்கும், பாருங்கள். உபானத்துக்கு அடியில் ஓடுவது கட்டியவர்களின் தரை. பட்டிகையை ஒட்டிப் புள்ளிப்புள்ளியாக ஓடுவது, நான் தரை என்று நம்பிக் கையெழுத்துப் போட்ட மண். அந்தப் புள்ளிக்கோட்டில்தான் முனியம்மா என்று எழுதினேன். மேலதிகாரி, "என்னது இது?" என்றார். "ஆதாரம் சார்" என்றேன். ஏனோ விட்டுவிட்டார்.

சங்கீதா, நீ போனை வைத்ததும் அஞ்சலைக்குப் போன் போட்டேன். பேரன் எடுத்துக் கொடுத்தான். அவளுக்கு இப்போது முட்டி வலி, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மா பெயர் இன்னும் படத்தில் இருக்கிறது என்றேன். "உன் பேரையும் எழுதச் சொல்லட்டுமா? நான் அன்னைக்கு எழுதாம விட்டுட்டேன்" என்று கேட்டேன்.

"எழுதறதுன்னா அம்மாவுக்குக் கீழ எழுதச் சொல்லு. கொட்டுனது அது, அள்ளுனது நானு" என்றாள்.

அழிக்காதேம்மா. மேலே புள்ளிக்கோட்டில் முனியம்மா அப்படியே இருக்கட்டும். கீழே, உபானத்துக்கு அடியில் ஓடும் கோட்டில், அஞ்சலை என்று சேர்த்துவிடு. பொடி எழுத்து வேண்டாம். உபானம், ஜகதி எந்த அளவில் இருக்கிறதோ, அதே அளவில் எழுது.